இரண்டாவது ஸ்லாட்டில் மூன்றாவது டிஸ்க்: வீட்டு நாஸில் ஹார்ட் டிஸ்க் திரும்பத் திரும்பப் போகிறதா?

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி. என் வீட்டில் ஓடுவது கடையில் வாங்கியது இல்லை. பழைய டெஸ்க்டாப் கேபினெட்டில் 4 டிபி டிஸ்க் நான்கைப் போட்டு, ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை ஏற்றி, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்1 அமைப்பில் ஓட்டுகிறேன். பிள்ளைகளின் போட்டோ, அப்பா வைத்திருந்த பத்திரங்களின் ஸ்கேன், கொஞ்சம் படம், பாட்டு, அவ்வளவுதான் உள்ளே. இதில் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் 14 மாதத்தில் மூன்று டிஸ்க் "பெயில்" ஆயின. முதல் இரண்டு தடவையும் டிஸ்க்கைத் திட்டிவிட்டு மாற்றினேன், மூன்றாவது தடவைதான் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளாக இருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். சினாலஜி, க்யூநாப் மாதிரி ரெடிமேட் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டிஸ்க் பெயில் என்று மெயில் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய?

எதையும் கழற்றாதீர்கள். ரீஸ்டார்ட்டும் வேண்டாம். "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்பது செட்டாப் பாக்ஸுக்குச் சரி, தள்ளாடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குச் சரிவராது. நின்ற டிஸ்க் மறுபடி சுழலாமலே போகலாம், லாக்கில் இருக்கும் தடயமும் சேர்ந்து போய்விடலாம். பூல் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த மொத்தச் சேமிப்பு) இன்னும் படிக்கிற நிலையில் இருந்தால், வேறெங்கும் இல்லாத ஃபைல்களை மட்டும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். படம், பாட்டு எல்லாம் அப்புறம்.

அடுத்தது, போனது எந்த டிஸ்க் என்று உறுதி செய்வது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று காட்டுகிற பெயரை நம்பக்கூடாது, ரீஸ்டார்ட் செய்தால் அது மாறக்கூடும். சீரியல் நம்பர் ஒன்றுதான் கணக்கு. முதல் தடவை அவசரத்தில் நான் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். ஒன்று போனால் தாங்கும் பூலில் இரண்டு இல்லாமல் போனதும் திரை முழுக்க சிவப்பு. மெஷினை நிறுத்தி, மறுபடி செருகி, ஆன் செய்து, பூல் எழுந்து வரும்வரை அந்த நாலு நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை. அன்று ராத்திரியே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரிலும் கடைசி நாலு எழுத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ட்ரேயின் முன்பக்கம் ஒட்டினேன். இதை டிஸ்க் நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை, பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் "பாஸ்" என்று வருகிறதே, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் பாஸ் வாங்கும். கீழே இருக்கும் எண்கள்தான் விஷயம், அதிலும் வலது ஓரத்தில் இருக்கும் மூல எண்.

5ஆம் எண்: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டங்கள்). 197: படிக்க முடியாமல், "இதை என்ன செய்வது" என்று டிஸ்க் நிறுத்திவைத்திருக்கும் செக்டர்கள். 198: சோதனையிலும் படிக்க முடியாதவை. 187: டிஸ்க்கே திருத்த முடியாமல் கைவிரித்த பிழைகள். 188: கட்டளைக்குப் பதில் வராமல் நேரம் கடந்தவை. ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் கவனிப்பதும் இந்த ஐந்தைத்தான். 2016இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, செத்துப்போன டிஸ்க்குகளில் சுமார் 77 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தால், நாலில் ஒரு டிஸ்க் கிட்டத்தட்ட எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருக்கிறது.

5இல் 8 என்றோ 16 என்றோ வந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பதற வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போகிறது, வாரன்டி தேதியைத் தேடுங்கள். 197இல் எண் வந்து 5 பூஜ்யமாகவே இருந்தால் அது வேறு கதை. கீழே வருகிறேன், என் டிஸ்க் மாட்டிக்கொண்டதே அங்கேதான்.

ஸ்மார்ட்டில் 199 (சிஆர்சி பிழை) மட்டும் ஏறுகிறது, மற்றதெல்லாம் பூஜ்யம். டிஸ்க்கை மாற்றணுமா?

வேண்டாம். சிஆர்சி பிழை என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது என்று அர்த்தம், அதாவது சாட்டா கேபிள், இல்லையென்றால் ஸ்லாட்டின் பின்பக்க இணைப்பு. கேபிளைக் கழற்றி வேறொன்றைப் போடுங்கள், க்ளிப் வைத்ததாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும்: இந்த எண் ஒருநாளும் கீழே இறங்காது. மாற்றியபிறகு அதே எண்ணில் நின்றால் வேலை முடிந்தது.

புது டிஸ்க் போட்டேன், அதே ஸ்லாட்டில் அதுவும் போனது. கம்பெனி சரியில்லையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் டிஸ்க் வாரன்டி முடிந்தது, சரி, வயசாகிவிட்டது என்று புதிது வாங்கினேன். அது ஐந்து மாதத்தில் பூலிலிருந்து விழுந்தது. வாரன்டியில் அனுப்பி வேறொன்று வந்தது, பழுதுபார்த்து அனுப்பிய ரகம். அதுவும் மூன்று மாதத்தில் தகராறு செய்ததும் "ரீஃபர்பிஷ்ட் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பினேன்.

மூன்றும் ஒரே ஸ்லாட் என்பது உறைக்க அவ்வளவு நாள் ஆயிற்று. ஒரே இடத்தில் மட்டும் டிஸ்க் போகிறதென்றால் இன்னொரு டிஸ்க் ஆர்டர் போடுவதை நிறுத்துங்கள். ஆளை மாற்றிப் போடுங்கள்: மெஷினை முறையாக ஆஃப் செய்து, இரண்டாவது ஸ்லாட் டிஸ்க்கை நாலாவதிலும், நாலாவதை இரண்டாவதிலும் செருகுங்கள். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் ஃபைல் அமைப்பு, டிஸ்க்கை அதன் மேல் எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பதால் இடம் மாறினால் பூல் குழம்பாது. ரெடிமேட் பெட்டியென்றால் இடம் மாற்றலாமா என்று அதன் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழுது டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க்தான் குற்றவாளி. அதே ஸ்லாட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஸ்லாட், கேபிள், பவர் இந்த மூன்றில் ஒன்று.

எனக்கு என்ன நடந்தது? "கெட்ட" டிஸ்க் நாலாவது ஸ்லாட்டில் பத்து நாள் சமர்த்தாக ஓடியது. இரண்டாவதுக்குப் போன நல்ல டிஸ்க் நாலாம் நாள் பூலிலிருந்து விழுந்தது.

முதலில் டேட்டா கேபிளை மாற்றினேன். பலனில்லை. போர்டில் வேறு போர்ட்டில் செருகினேன், அதுவும் இல்லை. ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும், ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, ஆறு மாதம் கழித்து அது திரும்ப வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

அப்புறம்தான் ஸ்மார்ட்டில் 12ஆம் எண்ணைக் கவனித்தேன். டிஸ்க்குக்கு எத்தனை தடவை கரன்ட் வந்தது என்று எண்ணுவது அது. வாரன்டியில் வந்த டிஸ்க் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான், அதற்குள் நான் மெஷினை ஆன் செய்தது ஐந்தாறு தடவை இருக்கும். அந்த எண் 187 என்று காட்டியது. மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, இந்த ஒரு டிஸ்க் மட்டும் நடுநடுவே அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது.

பவர் பிரச்சினை என்றால் எங்கே தேடுவது?

என் எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டின் பவர் சப்ளை) சாட்டா பவர் முனை மூன்றுதான். நாலாவது டிஸ்க்குக்கு பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போட்டிருந்தேன், 150 ரூபாய் சொச்சம். அது போனது இரண்டாவது ஸ்லாட்டுக்கு. கழற்றிப் பார்த்தால், வெள்ளை மோலெக்ஸ் பிளாஸ்டிக்கில் மஞ்சள் ஒயர் நுழைகிற துளையைச் சுற்றி மட்டும் டீ கறை மாதிரி பழுப்பு. மற்ற மூன்று துளையும் பளிச்சென்று வெள்ளை. உள்ளே இருந்த பின் லேசாக வாய் பிளந்து, செருகினால் பிடிமானமே இல்லை. மஞ்சள் என்பது 12 வோல்ட், மோட்டாரைச் சுற்றுவது அதுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நொடியில் மோலெக்ஸுக்கு எஸ்எம்பிஎஸ் பக்கம் 11.9, அதே மோலெக்ஸின் மறுபக்கம் 10.9. ஒரு விரல் தூரத்தில் ஒரு வோல்ட் காணோம். விதிப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் வரைதான் ஏறி இறங்கலாம், 11.4க்குக் கீழே போகக்கூடாது. 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 5 முதல் 8 வாட்தான் தின்னும், ஆனால் சுழல ஆரம்பிக்கையில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். பிடிமானம் இல்லாத பின்னில் அது சூடாகும், சூட்டில் பிடி இன்னும் தளரும்.

197இன் கதையும் இதுதான். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இறங்கினால் அந்த செக்டர் பாதி எழுதிய நிலையில் நிற்கும். அப்புறம் படிக்கப் போனால் கணக்கு சரிவராது, 197இல் ஏறிவிடும். தகட்டில் ஒரு கீறலும் இருக்காது. என் டிஸ்க்கில் 197 என்பது 24 இருந்தது. பூலை விட்டு எடுத்து முழுவதும் ஒருதடவை எழுதியதும் பூஜ்யத்துக்கு வந்தது, 5 அசையவே இல்லை. நிஜமாகவே கெட்ட செக்டராக இருந்திருந்தால் 5 ஏறியிருக்கும்.

கன்வெர்ட்டரை எறிந்துவிட்டு, சாட்டா முனை போதுமான அளவு இருக்கிற எஸ்எம்பிஎஸ் போட்டேன். கன்வெர்ட்டர் போட்டே தீரணும் என்றால், முனையை ஒயரோடு சேர்த்து பிளாஸ்டிக் வார்த்து மூடியதை வாங்காதீர்கள். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு உருகி எரிவது அந்த ரகத்தில்தான். ஒயரைத் தனித்தனியாகக் கவ்விப்பிடித்த முனையாக இருக்கணும்.

ரெடிமேட் நாஸ் பெட்டியென்றால் முதல் சந்தேகம் வெளியே இருக்கும் அடாப்டர் மேல். சில வருஷம் ஓடிய அடாப்டர் பலவீனமாகி, எல்லா டிஸ்க்கும் சேர்ந்து சுழலத் தொடங்கும்போது திணறும். காலையில் ஆன் செய்தால் ஒரு நாள் ஒன்றாவது டிஸ்க் இல்லை, மறுநாள் மூன்றாவது இல்லை என்று ஆட்டம் காட்டினால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் எதற்கு?

இன்வெர்ட்டர் கரன்ட் கட் ஆனதும் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். எஸ்எம்பிஎஸ் முழு லோடில் கரன்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லிசெகண்டுதான். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் உண்டு, அது அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் வோல்டேஜ் நன்றாகத் தாழ்ந்தபிறகும் லைன் கரன்ட்டையே விட்டுக்கொண்டிருக்கும்.

192ஆம் எண்ணையும் பாருங்கள். திடீரென்று கரன்ட் போனதால் ஹெட் அவசரமாகப் பின்வாங்கிய கணக்கு பல டிஸ்க்குகளில் அங்கே பதிவாகும். ஊரில் கரன்ட் போன நாளெல்லாம் அது ஒன்று கூடுகிறதென்றால் யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், யூஎஸ்பி ஒயரில் நாஸுக்கு "பேட்டரி தீரப்போகிறது" என்று சொல்லத் தெரிந்ததாக.

டக் டக் என்று சத்தம் வருகிறது.

ஆஃப் செய்யுங்கள். உள்ளே இருப்பது முக்கியமென்றால் தகவல் மீட்பு ஆட்களிடம் கொடுங்கள், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கிற வித்தையெல்லாம் வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் வேர்க்கும்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கை நாஸில் போட்டேன், அடிக்கடி பூலிலிருந்து விழுகிறது. ஆனால் சோதித்தால் நன்றாக இருக்கிறது.

டெஸ்க்டாப் டிஸ்க் தனியாளாக இருந்து பழகியது. ஒரு செக்டர் படிக்க வரவில்லையென்றால் விடாமல் முயற்சி செய்யும், ஒரு நிமிடத்துக்கு மேல்கூட. லினக்ஸ் 30 செகண்டுதான் பொறுக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கை ரீசெட் செய்யும், கடைசியில் ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்று விற்கும் டிஸ்க் 7 செகண்டில் "முடியவில்லை" என்று ஒத்துக்கொள்ளும், மற்ற டிஸ்க்குகளில் இருப்பதை வைத்து ரெய்டு திருத்திக்கொள்ளும். சில டெஸ்க்டாப் டிஸ்க்குகளிலும் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை மூலம் இந்த 7 செகண்டை வைக்கமுடியும், ஆனால் பலவற்றில் ஆஃப் செய்ததும் மறந்துவிடும், எனவே ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் ஓடுகிற மாதிரி எழுதிவையுங்கள். டிஸ்க் ஏற்கவே மாட்டேன் என்றால் லினக்ஸின் 30ஐ 180 ஆக்குங்கள்.

மாற்றிய டிஸ்க்கில் ரீபில்ட் பாதியிலேயே நிற்கிறது.

போன டிஸ்க்கில் இருந்ததை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதுவதுதான் ரீபில்ட். அது நிற்க இரண்டு காரணம் சாதாரணம். ஒன்று, மீதி இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்றும் சுகமில்லை. ரீபில்டில்தான் எல்லா டிஸ்க்கும் மூலை முடுக்கு விடாமல் படிக்கப்படுகிறது, வருஷக்கணக்கில் யாரும் தொடாத செக்டர் அன்றைக்குத்தான் காலை வாரும். மாதம் ஒருதடவை ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட்டினால் இது முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொன்று எஸ்எம்ஆர் டிஸ்க். ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருகிற மாதிரி, இதில் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் பிரித்து அடுக்கணும். போட்டோ சேமிக்கும்போது தெரியாது. ரீபில்டில் மணிக்கணக்கில் விடாமல் எழுதும்போது மூச்சு முட்டி, பதில் தராமல் நிற்கும், உடனே பெயில் முத்திரை. 2020 ஏப்ரலில் இது பெரிய சண்டையானது: நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளியே வந்தது, அதன்பிறகுதான் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். வாங்கும்முன் மாடல் நம்பரைப் போட்டு எந்த ரகம் என்று பாருங்கள்.

எல்லா டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் செக்சம் பிழை (படித்தது எழுதியதோடு ஒத்துப்போகாதது) வருகிறது.

நான்கு டிஸ்க் சொல்லிவைத்து ஒரே நாளில் சாகாது. ராம், டிஸ்க் கன்ட்ரோலர், எஸ்எம்பிஎஸ் இவற்றைப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், முதல் சுற்றில் தப்பிக்கிற ராம் நாலாவது சுற்றில் மாட்டும்.

வெயில் காலத்தில் மட்டும் போகிறதே?

போகலாம். பெரும்பாலான டிஸ்க்குக்கு 60 டிகிரி வரை என்று எழுதியிருப்பார்கள், நான் 45ஐத் தாண்டவிடுவதில்லை. மூடிய அலமாரியிலும் லாஃப்ட்டிலும் நாஸை வைக்காதீர்கள். முன்பக்க ஃபேனின் தூசியை மே மாதத்துக்கு முன் ஒருதடவை ஊதிவிடுங்கள்.

நாஸ் மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது, ஸ்மார்ட் எண்களோ சுத்தம்.

எச்சரிக்கையின் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். 2023இல் சினாலஜி வைத்திருந்த பலருக்கு, டிஸ்க் 3 வருஷம் ஓடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் எச்சரிக்கை வந்தது. அது வயது எண்ணி வந்தது, பிழை எண்ணி வந்ததில்லை.

புது டிஸ்க் வந்ததும் அப்படியே போடலாமா?

முதலில் அது வந்த பார்சலைப் பாருங்கள். எனக்கு ஒரு டிஸ்க் குமிழ் உறை ஒன்றில் வைத்து, சட்டை வருகிற மாதிரி வந்தது, பிரிக்காமலே திருப்பியனுப்பினேன். பெட்டிக்குள் நாலு பக்கமும் தாங்கல் இருக்கணும்.

அடுத்து, உண்மையில் புதிதுதானா என்று பாருங்கள். ஓடிய மணிநேரத்தை அழித்துவிட்டு விற்கமுடியும். 2025 தொடக்கத்தில், தகவல் மையங்களில் வருஷக்கணக்கில் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைப் புதிது என்று இடையில் யாரோ கைமாற்றி விற்றது ஜெர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்மார்ட் பூஜ்யம் காட்டியது, ஆனால் சீகேட் டிஸ்க்கினுள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருக்கிறது, அதில் உண்மையான மணிக்கணக்கு அப்படியே இருந்தது. ஸ்மார்ட்சிடிஎல் 7.4லிருந்து அதைப் படிக்கலாம்.

பிறகு நீண்ட ஸ்மார்ட் சோதனை, 4 டிபிக்கு எட்டு ஒன்பது மணி நேரம். பொறுமை இருந்தால் பேட்பிளாக்ஸ் எழுதும் சோதனை. நாலு விதமாக எழுதி நாலு தடவை படிக்கும், 4 டிபிக்கு மூன்று நாள் ஆகும், டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும் என்பதால் சீரியல் நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஓட்டுங்கள். திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிடணும்.

வாரன்டியில் அனுப்பும்போது எதைக் கவனிக்க?

பில், சீரியல் நம்பர் தெரிகிற போட்டோ, ஸ்மார்ட் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு நம் நாட்டு வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குக்கு இங்கே கைவிரிப்பார்கள். டிஸ்க் இன்னும் எழுந்து நிற்கிறதென்றால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

ரெய்டுதான் இருக்கிறதே, பேக்கப் வேறு வேண்டுமா?

வேண்டும். நல்ல டிஸ்க் தவறுதலாக உருவப்பட்ட அந்த நாலு நிமிடத்தில் என்னிடம் பேக்கப் இல்லை. இப்போது தங்கை வீட்டில் ஒரு யூஎஸ்பி டிஸ்க் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறேன்.

அந்த மூன்று டிஸ்க்கும் இப்போது எங்கே?

முதல் டிஸ்க்கை, குடும்பப் போட்டோ இருக்கிறதே என்று, மொட்டைமாடியில் வைத்துச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். அது நல்ல டிஸ்க்காகவே இருந்திருக்கலாம், இனிமேல் யாருக்குத் தெரியும். இரண்டாவது வாரன்டியில் போய்விட்டது. மூன்றாவது, நான் ஊரெல்லாம் குறை சொன்ன அந்த ரீஃபர்பிஷ்ட், அதே இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. 12ஆம் எண் இப்போது 194. கூடிய அந்த ஏழும் நானே ஆஃப் செய்து ஆன் செய்தவை, நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.